ஞாயிற்றுக்கிழமை அளந்த வேலி

நேற்று சாயங்காலம் புதிதாகச் சேர்ந்த நீங்கள் மூன்று பேரும் சேர்ந்து போட்ட எஸ்டிமேட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனீர்கள். கிடங்கைச் சுற்றி மரவேலி. ராத்திரி சாப்பிட்ட பிறகு எடுத்துப் பார்த்தேன். கூட்டல் சரியாக இருந்தது. கால் எத்தனை, குறுக்குச் சட்டம் எத்தனை அடி, ஆணி எத்தனை கிலோ, சேதாரம் எவ்வளவு, எதிலும் குறை சொல்ல முடியவில்லை. நான்காவது வரியில் ‘வாசல் - 1’ என்று போட்டிருந்தீர்கள். அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று எழுதவில்லை. கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை எனக்கு இங்கே கடைசி நாள். வேறு சைட்டுக்கு மாற்றியிருக்கிறார்கள். நான் ஒன்றும் பெரிய அனுபவசாலி இல்லை. முப்பது வயது இன்னும் ஆகவில்லை, வேலைக்கு வந்து ஏழு வருஷம்தான். உங்களுக்குப் புத்தி சொல்கிற தகுதி இருக்கிறதா என்று கேட்டால் யோசிப்பேன். ஆனால் அந்த நான்காவது வரியை நானும் ஒருமுறை அப்படியே எழுதியிருக்கிறேன். அதனால் என்ன நடந்தது என்பதைச் சொல்லாமல் போனால் சரியாக இருக்காது.

புதுத் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர் போட்டுக்கொண்டிருந்த காலம். கல் போடும் வேலையை எடுத்திருந்த கம்பெனி ஒன்றில் நான் ஓவர்சீயர். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. விளாத்திகுளத்துக்கு வடக்கே கரிசல்காட்டு ஊர் என்னுடையது. பருத்தியும் மிளகாயும்தான் எங்களுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். பாலிடெக்னிக்கில் படித்து வந்தவன் என்பதால் டேப்பையும் நோட்டையும் தவிர வேறு எதையும் நம்பமாட்டேன். கடலை அதற்கு முன்பு இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன், அதுவும் திருச்செந்தூர்க் கோயிலுக்குப் போனபோது.

கல்லைக் குவாரியிலிருந்து சின்ன எஞ்சின் இழுத்துவரும். கரையை ஒட்டித் தண்டவாளம் போட்டிருந்தது. தண்டவாளத்துக்கு மேற்கே நாற்பது வீடுகள் கொண்ட மீனவர் குடியிருப்பு. கிழக்கே மணலும் வள்ளங்களும் கடலும். வீடு ஒரு பக்கம், பிழைப்பு ஒரு பக்கம், நடுவில் எங்கள் கல்வண்டி. முத்துக்குளிப்பு நின்று வருஷக்கணக்கில் ஆகியிருந்தது. சிலர் சங்கு குளித்தார்கள், மற்றவர்கள் மீன்பாடு. கத்தோலிக்கர்கள். குடியிருப்பின் வடக்குக் கோடியில் சின்ன மாதா கோயில் உண்டு.

புரட்டாசியில் ஒரு நாள் கல்வண்டிச் சக்கரத்தில் எட்டு வயதுப் பையன் ஒருவனின் கால்விரல்கள் போய்விட்டன. மறுநாள் காலையில் குடியிருப்பு முழுவதும் தண்டவாளத்தில் வந்து உட்கார்ந்தது. வண்டி நின்றது. பத்து நாளாகியும் நகரவில்லை. சுவரின் நுனி கடலுக்குள் கால்வாசி கட்டிய நிலையில் திறந்து கிடந்தது. வாடைக்காற்று தொடங்குவதற்குள் அந்த நுனிக்குப் பெரிய கல் போட்டு மூடாவிட்டால், ஆறு மாதம் போட்டதெல்லாம் கடலுக்குள் சரிந்துவிடும். கடைசியில் மாதா கோயில் சாமியார் முன்னிலையில் பேச்சு முடிந்தது. கம்பெனி தண்டவாளத்தை ஒட்டித் தொள்ளாயிரம் அடிக்கு மரவேலி போட்டுக் கொடுக்க வேண்டும். போட்டு முடித்த மறு திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு வண்டி ஓடலாம்.

எஸ்டிமேட் போடும் வேலை எனக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்து நான் தனியாகப் போட்ட முதல் எஸ்டிமேட் அது.

சிரத்தையாகத்தான் செய்தேன். வாரநாளில் போனால் கோபத்தில் இருக்கும் ஜனங்கள் டேப் பிடிக்க விடமாட்டார்கள் என்று நினைத்து, என் லீவு நாளை விட்டுக்கொடுத்து ஞாயிற்றுக்கிழமை போனேன். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அங்கேயே இருந்தேன். தொள்ளாயிரம் அடியையும் இரண்டு தடவை அளந்தேன். ஜனங்கள் எந்த இடத்தில் தண்டவாளத்தைக் கடக்கிறார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்ள நோட்டில் ஒரு பக்கமே ஒதுக்கியிருந்தேன். அன்று முழுவதும் அந்தப் பக்கத்தில் ஒரே ஒரு குறிதான் விழுந்தது. வடக்குக் கோடியில், கோயிலுக்கு எதிரே. பூசைக்கு வந்தவர்கள் சிலர் அங்கே கடந்து மணலில் கொஞ்சநேரம் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினார்கள். மற்ற இடத்தில் ஒரு ஆள் கடக்கவில்லை.

‘வாசல் - 1’ என்று எழுதினேன்.

ஆறு அடிக்கு ஒரு கால். நூற்றைம்பது இடைவெளிக்கு நூற்றைம்பத்தொரு கால். புதிதாக வருகிறவர்கள் அந்தக் கடைசி ஒரு காலைத்தான் மறந்துவிடுவார்கள் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். நான் மறக்கவில்லை. அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று இப்போது நினைத்தாலும் கூசுகிறது. காலுக்குச் சவுக்கு, குறுக்குக்குப் பனங்கை, மேலே நெருக்கி அடிக்க மெல்லிய வரிச்சுச் சட்டம். வரிச்சுகளைத் தனித்தனியாக அடித்தால் நாள் பிடிக்கும் என்று ஆறடித் தட்டிகளாகத் தச்சுக்கொட்டகையிலேயே அடித்து அடுக்கச் சொன்னேன். சின்னப் பிள்ளையின் தலை நுழையாத இடைவெளி.

வேலை செய்தது சுடலைமுத்து மேஸ்திரியும் அவர் ஆட்களும். நாற்பது வயது மனிதர், உடன்குடிப் பக்கம். திங்கள் முதல் புதன்வரை கால் நட்டார்கள். வியாழன், வெள்ளியில் குறுக்குச் சட்டம். அந்த நாட்களில் நான் மரக்கடைக்கும் ஆபீசுக்கும் அலைந்துகொண்டிருந்தேன். சாயங்காலம் வந்து நட்ட காலை எண்ணிவிட்டுப் போவேன். வெள்ளிக்கிழமை மேஸ்திரி என்னிடம் கேட்டார்.

“சார், வழி ஒண்ணுதானா?”

“ஏன் அண்ணாச்சி?”

“இல்ல, இம்புட்டு நீளத்துக்கு ஒண்ணுதான்னா கோழிக்கூடு மாதிரில்லா இருக்கு. அதான் கேட்டேன்.”

“நாள் பூரா நின்னு பார்த்துத்தான் போட்டிருக்கேன். பிளான்ல உள்ளபடி அடிங்க.”

எந்த நாள் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை காலையில் தட்டிகளை வண்டியில் கொண்டுவந்து இறக்கி, இரண்டு கோஷ்டியாக ஆட்கள் அடித்தார்கள். பன்னிரண்டு மணிக்கு வேலி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை மூடியாகிவிட்டது. எங்கள் இன்ஜினியர் ஜீப்பில் வந்து பார்த்தார். மிச்சம் கிடந்தது இரண்டு சவுக்கும் ஒரு கட்டு வரிச்சும்தான். “சரியாக் கணக்குப் போட்டிருக்கியேய்யா” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கு முன்னும் பின்னும் அவர் யாரையும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

இரண்டு மணிக்குக் காற்று மாறியது. கரிசல்காட்டுக்காரனுக்குக் காற்று மாறுவது புழுதியில்தான் தெரியும். இங்கே முதலில் சத்தம் மாறியது. கரையில் அலை விழும் சத்தம் கனத்தது. அப்புறம் கடலில் பாய்கள் தெரிந்தன. காலையில் போன வள்ளங்கள் எல்லாம் ஒன்றாகத் திரும்பிக்கொண்டிருந்தன. வீடுகளிலிருந்து ஜனங்கள் ஓடிவந்தார்கள். ஆண்கள் வள்ளத்தை இழுத்துக் கரையேற்ற, பெண்கள் ஓலைப்பெட்டிகளோடு மீன் வாங்க. வழக்கமாக ஓடும் ஓட்டத்தில் வந்தவர்கள் வேலியில் வந்து முட்டி நின்றார்கள்.

நான் வடக்குக் கோடியில் வாசல் பக்கத்தில் நின்றிருந்தேன். “இங்கன வாங்க! வழி இங்கன இருக்கு!” என்று கத்தினேன். காற்றில் யாருக்கும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சில பேர் அறுநூறு அடி சுற்றி வரவேண்டும். முதல் வள்ளம் அலைவிழும் இடத்துக்கு வந்துவிட்டது. கரையில் கயிற்றைப் பிடிக்க ஆள் இல்லை. வள்ளம் குறுக்கே திரும்பியது. அடுத்த அலை அதைப் புரட்டிப் போட்டது.

அப்போதுதான் வேலி உடைய ஆரம்பித்தது. ஒருவர் தோளால் முட்டினார், இரண்டு பேர் உதைத்தார்கள், பெண்கள் வரிச்சுகளைக் கையால் பிய்த்தார்கள். பத்து நிமிஷத்துக்குள் ஏழு இடத்தில் வேலி வாய் பிளந்தது. ஜனங்கள் அதன் வழியாகக் கொட்டினார்கள். புரண்ட வள்ளத்திலிருந்து மூன்று பேரை இழுத்துப் போட்டார்கள். மூவரும் பிழைத்தார்கள். ஒருவருக்குக் கை முறிந்திருந்தது. அவர் பெயர் சேவியர். தண்டவாளத்தில் உட்கார்ந்த பெண்களுக்கு முன்னால் நின்று பேசிய செலின் அக்காவின் தம்பி.

சாயங்காலம் இன்ஜினியர் வந்தார். உடைந்த இடங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

“ஒடச்சது யார் யாருன்னு பேர் எழுதி ஸ்டேஷன்ல குடு. நாளைக்குள்ள தட்டியத் திரும்ப அடி.”

“மரம் இல்ல சார். நாளைக்குக் கடை எதுவும் தொறக்காது.”

“அப்ப முள்கம்பி சுத்து.”

“சுத்தினா நாளன்னைக்கு அதையும் பிச்சிருவாங்க சார். ஏழு இடத்துல ஒடச்சிருக்காங்க. நான் ஒரு வாசல்தான் போட்டிருந்தேன்.”

அவர் நின்றார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கடலைப் பார்த்தார். சுவரின் நுனியில் அலை ஏறி விழுவது அங்கிருந்தே தெரிந்தது.

“இந்தா பாரு. திங்கக்கிழமை ஆறு மணிக்கு வண்டி ஓடணும். இன்னொரு ஆளு அடிபடக் கூடாது. அடிபட்டா இந்த வேலையே இங்க நடக்காது. எப்படிச் செய்வேன்னு என்கிட்ட கேக்காத. செய்.”

ஜீப் போய்விட்டது. மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றார்.

“ஏழு எடமும் எங்கன இருக்குன்னு பாத்தேளா சார்? சும்மா கண்ட எடத்துல ஒடைக்கல. ஒண்ணொண்ணுக்கும் நேரா மணல்ல தடம் கெடக்கு பாருங்க.”

பார்த்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் மணலில் ஒற்றையடித் தடங்கள் கடலை நோக்கி இறங்கியிருந்தன. வேலிக்கு முந்திய வாரமும் அவை அங்கேதான் இருந்திருக்கும். ஆள் நடக்காத நாளில் அது எனக்கு வெறும் மணலாகத் தெரிந்திருக்கிறது.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து ஜனங்கள் வெளியே வரும்வரை நானும் மேஸ்திரியும் கோயிலுக்கு வெளியே காத்திருந்தோம். வெள்ளை வேட்டியும் முக்காடுமாக வந்தவர்கள் எங்களைப் பார்த்ததும் நின்றுவிட்டார்கள். செலின் அக்கா முன்னால் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். தூத்துக்குடிச் சந்தைக்கு மீன்கூடை சுமக்கிறவர்.

“என்னலே, மிச்சத்தையும் ஒடைக்கணுமா? சொல்லு, ஞாயித்துக்கெழம வேல செய்ய மாட்டோம், நாளைக்கு வாரோம்.”

“இல்லக்கா. தப்பு என்னோடது. எங்கெங்க வழி வேணும்னு கேக்க வந்தேன்.”

“இத முன்னாலயே கேக்கப்பிடாதா? நாங்களும் நட்டுக்கிட்டு இருக்கானுவ, வழி விடுவானுவன்னுதான் நெனச்சோம். ஒருத்தன் வீட்டைக் கட்டுதான், வாசல் விடாம பூசிருவானா?”

“நாள் முழுக்க நின்னு பார்த்தேங்க்கா. யாரும் கடக்கல. அதனாலதான்.”

“எந்தக் கெழம பாத்த?”

“போன ஞாயித்துக்கெழமைக்கு முந்தின ஞாயிறு.”

செலின் அக்கா பின்னால் திரும்பி, “ஏளா, கேட்டியளா! ஞாயித்துக்கெழம வந்து கடக்கரைய அளந்துருக்காரு!” என்றார்.

கூட்டம் சிரித்தது. கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்த சேவியரும் சிரித்தார். “லீவு நாள்ல பள்ளிக்கூடத்துக்கு வந்து பாத்துட்டு, இந்த ஊர்ல ஒரு புள்ளையும் படிக்கலன்னு எழுதிட்டுப் போயிருக்காருவே” என்றார் அவர்.

ஞாயிற்றுக்கிழமை இவர்கள் கடலுக்குப் போவதில்லை. அந்தக் கரையில் ஒரு கைக்குழந்தைக்குக்கூட அது தெரியும். எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் காட்டுக்கும் மாட்டுக்கும் கிழமை கிடையாது. மழை பெய்தால் வேலை, பெய்யாவிட்டால் வேலை இல்லை. நான் எல்லா ஊரையும் என் ஊராக நினைத்து அளந்திருக்கிறேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். சிரித்து முடித்த பிறகு அவர்களின் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது என்பது மட்டும் தெரிந்தது.

செலின் அக்கா எங்களோடு வேலி ஓரமாக நடந்தார். ஏழு வழியும் முடியாது, ஒவ்வொரு வாசலுக்கும் கொடியோடு ஒரு ஆள் நிற்கவேண்டும், கொடி பிடிக்க என்னையும் மேஸ்திரியையும் சேர்த்து மூன்று பேர்தான் இருக்கிறோம் என்று சொன்னேன். அவர் யோசித்தார். பிறகு முதலில் ஒரு இடத்தைக் காட்டினார்.

“வள்ளம் இழுக்க ஆம்பளையள் ஓடுத வழி. இது அகலமா இருக்கணும். பாயும் கம்பும் தோள்ல கொண்டு வருவானுவ.”

இருநூறு அடி தள்ளி இன்னொன்று. “இது பெட்டி கொண்டு போற வழி. ஏலம் இங்கனதான் நடக்கும்.”

அப்புறம் வேகமாக நடந்து, முள் உடைமரங்கள் புதராக அடர்ந்திருந்த இடத்துக்கு நேரே நின்றார். இங்கே எதற்கு என்று நான் கேட்டேன்.

“எதுக்குன்னா கேக்க? பொம்பளையள் காலைல ஒதுங்கப் போற வழி. அதையும் படம் போட்டுக் காட்டணுமா?”

மேஸ்திரி வேறு பக்கம் திரும்பி இருமினார். நான் நோட்டில் மூன்றாவது வாசலைக் குறித்தேன். எத்தனை ஞாயிறு நின்று பார்த்திருந்தாலும், எந்தக் கிழமை நின்று பார்த்திருந்தாலும், இந்த வாசல் என் நோட்டில் ஏறியிருக்காது.

இனி மரம். இருபத்திரண்டு தட்டிகள் நொறுங்கியிருந்தன. வாசலுக்கு இரண்டு தட்டி அகலம் வைத்தால் மூன்று வாசலுக்கு ஆறு தட்டி தேவைப்படாது. மீதி பதினாறு தட்டி வேண்டும். வாசலுக்குக் கதவும் கீலும் செய்ய நேரமில்லை. எங்கள் ஊரில் ஆட்டுப்பட்டிக்குப் படல் வைப்போம். இரண்டு பக்கம் பிடித்துத் தூக்கி நகர்த்துகிற படல். உடைந்த வரிச்சை வைத்தே அதைக் கட்டிவிடலாம். ஆனால் அந்தப் பதினாறு தட்டிக்கு ஒரு துண்டு மரம் கிடையாது.

தெற்குக் கோடியில் வீடு இல்லை. உப்பளத்தை ஒட்டிய சேற்றுநிலம். அங்கே பதினாறு தட்டியைக் கழற்றினால் தொண்ணூற்றாறு அடி திறந்து கிடக்கும். ஒப்பந்தம் முழு நீளத்துக்கு. முழுசும் மூடாத வேலியில் வண்டி ஓடுவதா? இன்னொரு வழியும் இருந்தது. எல்லாத் தட்டியிலும் ஒன்றுவிட்டு ஒரு வரிச்சைக் கழற்றி மொத்த வேலியையும் கொஞ்சம் இளைக்க வைக்கலாம். தூரத்திலிருந்து பார்க்க வேலி முழுசாகத் தெரியும். இன்ஜினியர் ஜீப்பிலிருந்து இறங்கமாட்டார். ஆனால் சின்னப் பிள்ளை எந்த இடத்திலும் நுழைந்துவிடும், எந்த இடத்தில் என்று யாருக்கும் தெரியாது.

அரைமணி நேரம் அதையே யோசித்தேன். குறை இருக்கத்தான் போகிறது என்றால் அது எங்கே இருக்கிறது என்றாவது தெரிய வேண்டும் என்று முடிவு செய்தேன். தெற்கில் யார் போவார்கள் என்று மேஸ்திரியிடம் கேட்டேன், சேவியரிடம் கேட்டேன், செலின் அக்காவிடமும் கேட்டேன்.

“அங்கன யாரு போவா? முழங்கால் சேறு” என்று மூன்று பேரும் ஒன்றே சொன்னார்கள்.

பதினாறு தட்டியைக் கழற்றினோம். பொழுது இறங்குவதற்குள் நான்கு இடம் மூடி, மூன்று வாசலுக்குப் படல் கட்டி நிறுத்தியாகிவிட்டது. கோயிலுக்கு எதிரே இருந்த பழைய வாசலை, அடுத்த ஞாயிறுவரை, உடைந்த வரிச்சைக் குறுக்கே கட்டி அடைத்தோம்.

திங்கட்கிழமை ஆறு மணிக்கு முதல் வண்டி போனது. அப்போது வள்ளங்கள் கடலில் இருந்தன. கரையில் ஆள் இல்லை. எட்டு வண்டி ஒன்றும் ஆகாமல் போய் வந்தது. எனக்குப் பயம் மத்தியானத்தைப் பற்றித்தான். பெண்கள் வழியில் ஒரு கொடிக்காரர். ஏல வழியில் மேஸ்திரி. வள்ள வழியில் நான் சிவப்புக் கொடியோடு.

கல் ஏற்றிய வண்டி தெற்கிலிருந்து உப்பளத்து வளைவைத் தாண்டி வரும். கனம் அதிகம். வளைவிலேயே கொடியைப் பார்த்தால்தான் வேலிக்கு முன்னால் நிற்கும். வளைவைத் தாண்டிவிட்டால் எந்த டிரைவராலும் நிறுத்த முடியாது. ஆகவே கடலில் ஒரு கண், வளைவில் ஒரு கண் என்று நின்றேன்.

பன்னிரண்டரைக்குப் பாய்கள் தெரிந்தன. அதே நேரம் வளைவுக்கு அப்பால் எஞ்சின் புகை தெரிந்தது. பாய்கள் தூரத்தில் இருந்தன. வண்டி முதலில் போய்விடும் என்றும் தோன்றியது, போகாது என்றும் தோன்றியது. முதல் நாள் என்பதால் பெண்களும் பிள்ளைகளும்கூட ஏற்கெனவே பெட்டிகளோடு என் படலுக்கு முன்னாலேயே வந்து நின்றுவிட்டார்கள்.

“அக்கா, வள்ளம் கரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?”

செலின் அக்கா கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். “ஒரு வெத்தில போட்டுத் துப்புத நேரம்.”

கொடியைத் தூக்கினேன். வளைவில் எஞ்சின் நீளமாகக் கத்தி நின்றது. படலை நகர்த்தினோம். ஜனங்கள் தண்டவாளத்தைக் கடந்து கரைக்கு ஓடினார்கள்.

அலை பெரிதாக இருந்ததால் வள்ளங்கள் உடனே கரை சேரவில்லை. வெளியே நின்று நிதானம் பார்த்து ஒவ்வொன்றாக வந்தன. கால்மணி நேரம் ஆனது. அரைமணி ஆனது. எஞ்சின் இரண்டு தடவை விசில் கொடுத்தது. ஜீப் வந்தது.

“யாரைக் கேட்டுய்யா வண்டிய நிறுத்தின?”

“வள்ளம் எறங்குது சார்.”

“எஸ்டிமேட்ல வேலிதான் இருந்துச்சு. வண்டி நிக்கும்னு இல்லியே.”

“வேலிய மட்டும்தான் சார் கணக்குல எடுத்திருந்தேன். அவங்க வர்ற நேரத்த எடுக்கல.”

அவர் முகம் சிவந்தது. கடிகாரத்தைப் பார்த்தார். கடைசி வள்ளமும் கரையேறிவிட்டது. ஆண்கள் பாயும் கம்புமாகத் திரும்பிக் கடந்தார்கள். பெண்கள் ஈரப் பெட்டிகளோடு வந்தார்கள். பிள்ளைகள் வந்தார்கள். தண்டவாளத்தில் ஆள் இல்லை. நாங்கள் படலை இழுத்து மூடினோம்.

“முடிஞ்சுதுல்ல. எறக்கு கொடிய.”

நான் கையை இறக்கப் போனேன்.

“இருலே!”

செலின் அக்கா படலுக்கு உள்ளே நின்று, பிள்ளைகளின் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டிருந்தார். விரல் போன பையனுக்கு அப்புறம் அவர் இதைச் செய்கிறார் என்று எனக்குத் தெரியாது. போகும்போது எண்ணியிருக்கிறார். இப்போது திரும்ப எண்ணினார்.

“பதினெட்டு போச்சு. பதினேழுதான் இருக்கு.”

“கரையில இருக்கும்மா. மணல்ல வெளையாடும்” என்றார் இன்ஜினியர். “கொடிய எறக்குய்யா, விசில் சத்தம் கேட்டு ஒதுங்கிரும்.”

கரையில் பிள்ளை எதுவும் இல்லை. வெறும் மணலும் வள்ளங்களும். இன்ஜினியர் சொன்னால் கேட்கவேண்டிய வேலை எனக்கு. ஆறு மாதச் சம்பளம்தான் அதுவரை வீட்டுக்குப் போயிருந்தது.

“ஒண்ணு குறையுது சார்” என்றேன். கொடியை இறக்கவில்லை.

“ரோசியக் காணோம்! ரோசி!” என்று யாரோ கத்தினார்கள். ஏல வழிப் படலை மூடிவிட்டு வந்திருந்த மேஸ்திரி கையிலிருந்த சுத்தியலைப் போட்டுவிட்டுத் தண்டவாளத்தின் ஓரமாகத் தெற்கே ஓடினார். உப்பளத்து ஓரமாகக் குவித்திருந்த உப்பு அம்பாரத்துக்குப் பின்னால் தண்டவாளம் எங்கள் கண்ணுக்கும் தெரியாது, டிரைவர் கண்ணுக்கும் தெரியாது. அந்த அம்பாரத்தைத் தாண்டி மேஸ்திரி மறைந்தார். நான் கொடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்ஜினியர் கடிகாரத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார்.

மேஸ்திரி திரும்பி வந்தபோது அவர் தோளில் ஐந்து வயதுப் பெண்குழந்தை ஒன்று இருந்தது. பாவாடை மடியில் உப்புக்கட்டிகளைக் கட்டி வைத்திருந்தது. இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து, கல் இடுக்கில் சிதறியிருந்த உப்பைப் பொறுக்கிக்கொண்டிருந்ததாம்.

“ஏளா, இங்கன வழி இருக்கும்போது அங்கன எதுக்குப் போன?” என்று செலின் அக்கா அதன் முதுகில் ஒன்று வைத்தார்.

“அங்கனதான் வழி பெருசா இருக்கு” என்றது குழந்தை.

சேறு அந்த ஒரு வாரத்தில் காய்ந்து கெட்டிப்பட்டிருந்தது. பெரியவர்களின் கால் அங்கே போய்ப் பார்க்கவில்லை. நான் மூன்று பேரிடம் கேட்டிருந்தேன். மூன்று பேரும் பெரியவர்கள்.

இன்ஜினியர் குழந்தையைப் பார்த்தார். பிறகு என்னிடம், “அந்த எடத்துக்கு என்ன செய்யப் போற?” என்று கேட்டார். அதட்டல் இல்லாமல் அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“இப்ப மேஸ்திரி அங்க நிப்பாரு சார். சாயங்காலத்துக்குள்ள உடைமுள் வெட்டிப் போட்டு மூடிருதோம். மரம் வந்ததும் தட்டி அடிக்கலாம். வள்ளம் வர்ற நேரம் வண்டி நிக்கணும். அதையும் எழுதித் தாரேன்.”

“எழுதிக் குடு” என்றார்.

மேஸ்திரி தெற்கே போனார். உப்பளத்து வளைவில் எஞ்சின் மூன்றாவது தடவையாக விசில் கொடுத்தது. செலின் அக்கா முதல் பிள்ளையின் தலையிலிருந்து மறுபடி தொட ஆரம்பித்தார். ரோசியைக் கடைசியில் நிறுத்தி, அதன் தலையில் கையை வைத்து அழுத்தினார்.

“பதினெட்டு. இனி விடும்.”

நானும் ஒருமுறை எண்ணினேன். பதினெட்டு இருந்தது. அப்புறம்தான் கொடியை இறக்கினேன்.